மழைக்குப் பின் ஒன்பதாம் நாள்

“தீவின் பல பகுதிகளில் இன்று பிற்பகல் இடியுடன் கூடிய மழை பெய்யலாம். வெளியே போகிறவர்கள் மறக்காமல் குடை எடுத்துச் செல்லுங்கள்.”

காலை நிகழ்ச்சியில் இந்த இரண்டு வரிகளை எத்தனை நூறு முறை சொல்லியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. சொல்லி முடித்ததும் ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, ஆறிப்போன கோப்பியைக் கையில் எடுப்பேன். எங்கள் ஒலிபரப்புக் கூடத்தில் ஜன்னல் கிடையாது. நான் அறிவித்த மழை பெய்ததா, ஏமாற்றியதா என்பதுகூடப் பல நாள் எனக்குத் தெரியாது.

அப்பாவுக்குத் தெரியும். தோ பாயோவில் அவர் வீட்டுச் சமையலறைச் சுவரில் ஒரு தினசரி நாள்காட்டி தொங்கும். மளிகைக் கடையில் ஆண்டுதோறும் கொடுப்பார்களே, ராகு காலம், நல்ல நேரம் எல்லாம் போட்டு, தாள் தாளாகக் கிழிக்கும் நாள்காட்டி, அதுதான். வெயில் கொளுத்திய ஒரு நாளில் திடீரென்று வானம் கறுத்து, இடி இடித்து, ஊரே குளிர்ந்துபோகிற மாதிரி மழை கொட்டினால், அப்பா பேனாவை எடுப்பார். அன்றைய தாளில் எதையும் எழுத மாட்டார். ஒன்பது தாள் தள்ளி, ‘புறா’ என்று எழுதி வைப்பார்.

சிறு வயதில் எனக்கு அது விளையாட்டு. பெரியவளான பிறகு, அது அப்பாவின் பழக்கங்களில் ஒன்று, அவ்வளவுதான். அந்தப் ‘புறா’வைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதப்போகிறேன். அப்பாவைப் பற்றியும்.

புறா என்றால் பறவை இல்லை, ஆர்க்கிட். ஆங்கிலத்தில் பிஜன் ஆர்க்கிட், மலாயில் அங்கெரிக் மெர்பாத்தி. இரண்டுக்கும் பொருள் புறா ஆர்க்கிட்தான். மொட்டைப் பக்கவாட்டில் பாருங்கள், பறக்கத் தயாராகும் ஒரு குட்டிப் புறா மாதிரியே இருக்கும். விரிந்த பூ வெள்ளை வெளேர் என்று, ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் அகலம். நடுவிதழில் மட்டும் மஞ்சள் தீற்றல். அறிவியல் பெயர் டென்ட்ரோபியம் குருமெனாட்டம். சுவீடனைச் சேர்ந்த தாவரவியலாளர் ஓலோஃப் சுவார்ட்ஸ் 1799இல் வைத்த பெயர். டென்ட்ரோபியம் என்றால் மரத்தில் வாழ்வது. குருமெனாட்டம் என்பது பணப்பையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

இது எந்தப் பூங்காவிலும் கண்ணாடிக் கூண்டுக்குள் வளர்க்கும் அபூர்வச் செடி அல்ல. மலேசியா, இந்தோனீசியா, பிலிப்பீன்ஸ் என்று நம் வட்டாரம் முழுக்கத் தானாக வளரும் காட்டு ஆர்க்கிட். சிங்கப்பூரில் இதைப் பார்க்க நீங்கள் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது தலையைத் தூக்கினால் போதும். சாலையோரத்தில் குடை விரித்த மாதிரி நிற்கும் பெரிய மரத்தின் கிளைகளில், பறவைக்கூடு போன்ற பெரணிக்குப் பக்கத்தில், மெல்லிய குச்சிகள் கொத்தாக நீட்டிக்கொண்டிருக்கும். அடிப்பக்கம் கொஞ்சம் பருத்திருக்கும், நடுவில் இலைகள், நுனி வெறும் குச்சி. ஆண்டில் பெரும்பாலான நாள்களில் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது. காய்ந்த புல் என்றுகூட நினைக்கத் தோன்றும். அதனால்தான் நாம் யாரும் பார்ப்பதில்லை.

அப்பாவுக்குப் பார்க்காமல் இருக்க வழியில்லை. மரங்களைக் கத்தரித்துச் சீரமைக்கும் குத்தகை வேலையில் 26 ஆண்டுகள் இருந்தவர். தூக்குக் கூடையில் ஏறி நின்று, கையில் ரம்பத்தோடு, நாம் கீழிருந்து பார்க்கும் கிளைகளை முகத்துக்கு நேராகப் பார்த்தவர். அவரோடு வேலை செய்த மலாய்க்காரர் ஒருவர்தான் முதன்முதலில் பூவின் பெயரையும் ஒன்பது நாள் கணக்கையும் சொல்லிக்கொடுத்தாராம். “முதல்ல நான் நம்பல. அவன் கதை விடுறான்னு நினைச்சேன். ஒன்பதாம் நாள் காலையில லாரியில போறோம், சாலை நெடுக ரெண்டு பக்கமும் வெள்ளை. எனக்குப் பேச்சே வரல” என்பார் அப்பா.

கதை இல்லை, உண்மைதான். இந்தச் செடி மொட்டு விடும், ஆனால் பூக்காது. மொட்டு ஓரளவு வளர்ந்ததும் அப்படியே நின்றுவிடும். வாரக்கணக்கில் தூங்கும். அதை எழுப்புவது மழையின் ஈரம் அல்ல, மழையோடு வரும் திடீர்க் குளிர்ச்சி. வெப்பநிலை சட்டென்று ஐந்தாறு டிகிரி செல்சியஸ் இறங்கினால், தூங்கிக்கொண்டிருந்த மொட்டுகள் எல்லாம் ஒரே நேரத்தில் விழித்துக்கொள்ளும். அங்கிருந்து ஒன்பது நாள். சில சமயம் ஒரு நாள் முன்பின் ஆகலாம். அந்தக் காலையில் ஒரு வட்டாரத்தில் உள்ள அத்தனை செடிகளும் ஒன்றாகப் பூக்கும். மாலைக்குள் வாடிவிடும். அவ்வளவுதான் அதன் ஆயுள்.

நம் ஊர் வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பகல் 2 மணிக்கு 33 டிகிரி. அப்போது ஒரு புயல்மழை வந்தால் அரை மணி நேரத்தில் 25 டிகிரிக்கு இறங்கிவிடும். அந்த இறக்கம்தான் செடிக்கு மணியடிப்பது. நாள் முழுக்கச் சிணுங்கிக்கொண்டிருக்கும் தூறலுக்கு அது அசையாது. பருவமழைகளுக்கு இடைப்பட்ட ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடிமழை அதிகம் என்பதால், அப்போது அப்பாவின் நாள்காட்டியில் ‘புறா’வும் அதிகம்.

இதை அறிவியலாளர்கள் கவனித்து நூறாண்டுக்கு மேல் ஆகிறது. வில்லியம் சைஃப்ரிஸ் என்பவர் 1923இல் அமெரிக்கத் தாவரவியல் ஆய்விதழ் ஒன்றில் இந்தக் கூட்டுப் பூப்பைப் பற்றியே தனிக் கட்டுரை எழுதியிருக்கிறார்.

ஏன் இந்த அவசரம், ஏன் இந்த ஒற்றுமை? என் ஏழு வயது மகன் கேட்ட கேள்வி இது. “ஒரு நாள்தான் பூக்கும்னா, ஏம்மா எல்லாம் சேர்ந்து பூக்கணும்? ஆளுக்கொரு நாள் பூத்தா நாம தினமும் பார்க்கலாமே?”

நமக்காகப் பூப்பதில்லை என்பதுதான் பதில். இந்த ஆர்க்கிட் தன் பூவின் மகரந்தத்தாலேயே தான் காய்க்காது. இன்னொரு செடியின் மகரந்தம் வந்தாக வேண்டும். கொண்டுவருவது தேனீ. சிங்கப்பூரில் இந்தப் பூக்களுக்கு வருவது ஆசியத் தேனீ என்று இங்கேயே கவனித்துப் பதிவு செய்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் அடுக்குத் தேனீ என்று பெட்டிகளில் வளர்க்கிறார்களே, அதே இனம். ஒரு செடி இன்றும் அடுத்த செடி நாளையும் பூத்தால், தேனீ எதிலிருந்து எடுத்து எதில் கொடுக்கும்? அதனால் எல்லாரும் ஒரே நாளில் கடை திறக்கிறார்கள். யாரிடமும் கடிகாரம் இல்லை. பொதுவாக எல்லாருக்கும் தெரிந்த ஒரே செய்தி அன்றைய மழை. அதை வைத்து நாள் குறித்துக்கொள்கிறார்கள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதை நிகழ்ச்சியில் சொன்னேன். முந்தின நாள் அப்பா கைப்பேசியில் அழைத்து, “நாளைக்கு ஒன்பதாம் நாள், ரேடியோவுல சொல்லேன்” என்றிருந்தார். ஏழரை மணி வாக்கில், “இன்று உங்கள் வீட்டருகே மரத்தில் வெள்ளைப் பூ தெரிகிறதா, பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்” என்றேன். நாலைந்து பேர் சொல்வார்கள் என்று நினைத்தேன். செய்திகள் வந்து குவிந்துவிட்டன.

ஆனால் ஒரு வேடிக்கை. தோ பாயோ, பீஷான், சிராங்கூன் பக்கமிருந்து வந்தவை எல்லாம் “ஆமாம், வெள்ளையா இருக்கு!” பிடோக்கில் இருந்த ஓர் அக்கா, “நானும் மாடியிலிருந்து பார்க்கிறேன், ஒன்றுமே இல்லையே” என்றார். ஜூரோங்கிலும் இல்லை. எனக்குச் சங்கடமாகிவிட்டது. தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று அப்பாவை அழைத்தேன். சிரித்தார். “அன்னைக்கு பிடோக்குல மழை பெஞ்சிருக்காது, பாப்பா.”

நம் தீவில் மழை அப்படித்தான். இந்தப் பக்கம் கொட்டும், விரைவுச்சாலையின் அந்தப் பக்கம் வெயில் காயும். அன்று காலை நேயர்கள் எனக்கு அனுப்பியது, ஒன்பது நாளுக்கு முன் எந்தெந்தப் பேட்டையில் மழை கொட்டியது என்கிற வரைபடம். யாரும் நினைவில் வைத்திராத மழையை மரங்கள் நினைவில் வைத்திருந்தன. நான்கு நாள் கழித்து பிடோக் அக்காவே செய்தி அனுப்பினார்: “இன்றைக்கு எங்களுக்குப் பூத்துவிட்டது!”

இந்தச் செடி எங்கே வாழ்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஏனென்றால் நம்மில் பலருக்கு இதில் ஒரு தப்பான எண்ணம் உண்டு. மரத்தின்மேல் செடி வளர்ந்தால், “புல்லுருவி, மரத்தை உறிஞ்சுது, பிடுங்கிப் போடணும்” என்போம். புறா ஆர்க்கிட் புல்லுருவி அல்ல. அது ஒட்டுண்ணியும் அல்ல, தொற்றுத்தாவரம். மரத்திடமிருந்து அது வாங்குவது உட்கார ஓர் இடம் மட்டுமே. வேர்கள் மரப்பட்டையைப் பற்றிக்கொள்ளும், உள்ளே துளைக்காது. வேரைச் சுற்றியிருக்கும் பஞ்சு போன்ற உறை மழைநீரையும் அதில் கரைந்து வரும் சத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். அடிப்பக்கம் பருத்த தண்டு அதன் தண்ணீர்த் தொட்டி. மழை இல்லாத நாள்களில் அதில் சேமித்ததை வைத்துக் காலம் தள்ளும்.

அதற்குப் பிடித்த மரம் தூங்குமூஞ்சி மரம். சாயங்காலமானால் இலைகளை மடித்துக்கொள்வதால் தமிழில் இந்தப் பெயர். இங்கே ரெயின் ட்ரீ என்றால் எல்லாருக்கும் தெரியும். சாங்கி விமான நிலையத்திலிருந்து நகருக்குள் வரும் கிழக்குக் கடற்கரை விரைவுச்சாலையின் இரு பக்கமும் பந்தல் போட்ட மாதிரி நிற்பவை இவைதான். வெடிப்பு வெடிப்பான பட்டை, படுக்கையாகப் படரும் அகலக் கிளைகள், வெயிலை முழுதாக மறைக்காத இலைகள் எல்லாம் ஆர்க்கிட்டுக்குத் தோதானவை. சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள், தூங்குமூஞ்சி மரம் இந்த மண்ணின் மரம் அல்ல. மத்திய, தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. 1876இல் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டது. அந்த வந்தேறி மரத்தின் தோளில்தான் இந்த மண்ணின் ஆர்க்கிட் இன்று பிழைத்திருக்கிறது.

பிழைத்திருக்கிறது என்ற சொல்லை வேண்டுமென்றேதான் எழுதினேன். சிங்கப்பூரில் 220க்கும் மேற்பட்ட காட்டு ஆர்க்கிட் வகைகள் இருந்ததாகப் பதிவுகள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை இன்று இங்கே இல்லை. காட்டை அழித்துக் கரும்மிளகும் காசுக்கட்டியும் ரப்பரும் பயிரிட்டார்கள், பிறகு ஊர் வளர்ந்தது. நிழலும் ஈரமும் இல்லாமல் வாழ முடியாத ஆர்க்கிட்டுகள் மரங்களோடு போய்விட்டன. புறா ஆர்க்கிட்டுக்கு வெயில் பிடிக்கும், வறட்சி தாங்கும். அதனால் காட்டின் உச்சிக் கிளையிலிருந்து தென்னைக்கும், அங்கிருந்து சாலையோர மரத்துக்கும் அதனால் குடிபெயர முடிந்தது. இன்று இங்கே சாதாரணமாகக் கண்ணில் படும் காட்டு ஆர்க்கிட்டுகளை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். அவற்றில் ஒன்று இது.

மற்றவற்றை மீட்கும் முயற்சியும் நடக்கிறது. நம் பெரியவர்கள் பூமலை என்று சொல்லும் தாவரவியல் தோட்டத்தில் 1995இல் ஆர்க்கிட் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கினார்கள். ஆர்க்கிட் விதை தூசி மாதிரி இருக்கும். நெல்லிலும் பயற்றிலும் உள்ளதுபோல் முளைக்குத் தேவையான உணவுச் சேமிப்பு அதில் கிடையாது. காட்டில் ஒரு வகைப் பூஞ்சை வந்து ஊட்டினால்தான் முளைக்கும். அதனால் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குடுவைக்குள் சத்துக் கலவையில் விதையை முளைக்கவைத்து, நாற்றுகளை வளர்த்து, சாலையோர மரங்களிலும் பூங்காக்களிலும் கட்டிவிடுகிறார்கள். இங்கே காட்டிலிருந்து மறைந்துபோயிருந்த புலி ஆர்க்கிட், உலகின் மிகப் பெரிய ஆர்க்கிட், இப்படித்தான் மறுபடி நம் மரங்களுக்கு வந்திருக்கிறது.

நம் தேசிய மலரான வாண்டா மிஸ் ஜோக்கிமைப் பள்ளிப் பிள்ளைகள்கூடச் சரியாகச் சொல்வார்கள். 1981இல் தேசிய மலராகத் தேர்ந்தெடுக்கப்பட்டது, சுற்றுப்பயணிகள் வாங்கும் பொருள்களில் இருக்கிறது. அது அழகுதான், ஆனால் இரண்டு வகைகள் கலந்து பிறந்த கலப்பினம். யாரும் நடாமல், தண்ணீர் ஊற்றாமல், தலைக்கு மேலேயே தானாக வாழும் சொந்த ஊர் ஆர்க்கிட்டின் பெயரைக் கேட்டால் நமக்குத் தெரிவதில்லை. எனக்குத் தெரிந்ததுகூட அப்பாவால்தான்.

இனி, அந்த ஏப்ரல் மாதத்துக்கு வருகிறேன்.

அப்பா வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு புறா ஆர்க்கிட் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் புயலில் முறிந்து விழுந்த கிளையிலிருந்து, மேற்பார்வையாளரிடம் கேட்டு எடுத்துவந்தது. தேங்காய் மட்டையில் வைத்துக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். “விழுந்த கிளைன்னா கேட்டு எடுத்துக்கலாம். உயிரோட இருக்கிற கிளையிலிருந்து பிய்க்கக் கூடாது” என்பது அவர் சட்டம். பூங்காக்களிலும் இயற்கை வனப்பகுதிகளிலும் அனுமதியின்றிச் செடி எடுப்பது நாட்டின் சட்டப்படியும் குற்றம்தான். அந்தத் தொட்டிச் செடியும், புளோக்குக்கு எதிரே நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தின் செடிகளும் எப்போதும் ஒரே நாளில் பூக்கும். ஒரே மழைதானே. இத்தனை ஆண்டுகளில் ஒரு முறைகூட இந்தக் கணக்கு தப்பியதில்லை.

அன்று புதன்கிழமை. ஒன்பது நாளுக்கு முன், திங்கட்கிழமை, நல்ல மழை. நிகழ்ச்சி முடிந்து, கூட்டம் முடிந்து, பதினொரு மணிக்கு அப்பா வீட்டுக்குப் போனேன். மின்தூக்கியிலிருந்து வெளியே வரும்போதே வாசனை. தாழ்வாரத்துச் செடி முழுக்கப் பூ. அப்பா அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முகம் சரியில்லை.

“என்னப்பா, உங்க புறா வந்திடுச்சு, நீங்க ஏன் இப்படி உட்கார்ந்திருக்கீங்க?”

“வீட்டுச் செடி பூத்திருச்சும்மா. மரத்துல பூக்கல. இப்படி ஆனதே இல்ல. மரத்துக்கு ஏதோ ஆயிடுச்சு. உள்ளுக்குள்ள அழுகுதோ என்னவோ. டவுன் கவுன்சிலுக்குச் சொல்லணும்.”

நான் திரும்பி மரத்தைப் பார்த்தேன். நாலாவது மாடியிலிருந்து கைக்கெட்டும் தூரம் போலத் தெரியும் மரம். கிளைகளில் வெள்ளை வெள்ளையாக, கொத்துக் கொத்தாக, எண்ண முடியாத பூக்கள். பின்னால் வெளிறிய வானம்.

ஒன்றும் சொல்ல வரவில்லை எனக்கு. அப்பாவின் பக்கத்தில் போய் நின்று, அவர் கண் மட்டத்துக்குக் குனிந்து, அவர் பார்க்கும் திசையிலேயே பார்த்தேன். பூக்கள் அங்கேதான் இருந்தன.

“அப்பா, பூத்திருக்கு. மரம் நிறையப் பூத்திருக்கு.”

அவர் எழுந்து கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார். “அப்படியா” என்றார். அவ்வளவுதான்.

பிறகுதான் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. பேருந்து நிறுத்தத்தில் பேரனிடம், “வர்றது எந்த நம்பர், சொல்லு பார்ப்போம்” என்று கேட்பார். பையனுக்கு எண் கற்றுத் தருகிறார் என்று நினைத்தேன். சில மாதங்களாகத் தமிழ் முரசை வாங்கி மேசையில் வைத்திருப்பார், மடிப்புக் கலையாமல் இருக்கும். இரவில் எதிரே வரும் கார் விளக்கு கூசுகிறது என்று நடைப்பயிற்சியை நிறுத்தியிருந்தார். முட்டிவலி என்று எங்களிடம் சொன்னார்.

இரண்டு கண்ணிலும் கண்புரை. பலதுறை மருந்தகத்தில் பார்த்துவிட்டு, கண் மருத்துவமனைக்கு எழுதிக்கொடுத்தார்கள். வயதானவர்களுக்குச் சாதாரணமாக வருவது. கண்ணின் வில்லை மெல்ல மெல்ல மங்கலாகும். அழுக்குக் கண்ணாடி வழியே பார்ப்பது போல் இருக்கும். கறுப்பு எழுத்து, சிவப்பு விளக்கு எல்லாம் ஓரளவு தெரியும். வெளிச்சமான வானத்தின் முன்னால் வெள்ளைப் பூ மாதிரி நிறவேறுபாடு குறைந்த காட்சிதான் முதலில் கரைந்துபோகும். “படிப்படியா மங்கினதால அவருக்கே தெரிஞ்சிருக்காது” என்றார் மருத்துவர். அப்பா என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்திருக்கிறது. கண்ணில் கத்தி வைப்பார்களே என்ற பயத்தில் சொல்லாமல் இருந்திருக்கிறார். நாற்பது அடி உயரத்தில் ரம்பத்தோடு நின்றவருக்கு அந்தப் பயம்.

எனக்குள் உறுத்தியது வேறு. தினமும் காலையில் ஒரு தீவுக்கே வானிலை சொல்கிறேன். வாரம் இரண்டு முறை அப்பாவோடு உட்கார்ந்து சாப்பிடுகிறேன். அவருக்குப் பார்வை மங்குவது ஒரு செடி பூத்ததால்தான் எனக்குத் தெரிந்தது. அந்தச் செடி மரத்தோடு சேர்ந்து பூக்காத வேறு செடியாக இருந்திருந்தால், “மரத்தில் பூக்கவில்லை” என்று அவர் சொன்னதைக் கேட்டு நானும், “அடுத்த முறை பூக்கும்ப்பா” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பேன். காலை நிகழ்ச்சி செய்கிறவளுக்கு மதியத் தூக்கம் அவ்வளவு முக்கியம்.

முதல் கண்ணுக்கு அறுவை சிகிச்சை முடிந்து சில வாரங்கள் ஆகின்றன. காலையில் போய் மாலையில் வீட்டுக்கு வந்துவிட்டார். கண்ணில் மரத்துப்போக மருந்து விட்டார்கள், வலியே தெரியவில்லை என்று இப்போது அடுத்த வீட்டு மக்சிக்குக்கு அவரே தைரியம் சொல்கிறார். இரண்டாவது கண்ணுக்கு நாள் குறித்தாகிவிட்டது. வீட்டுச் சுவர் இவ்வளவு அழுக்காக இருக்கிறதே, ஏன் ஒருத்தரும் சொல்லவில்லை என்று எங்களுக்குத் திட்டு விழுந்தது.

மரத்தைத்தான் இன்னும் பூவோடு பார்க்கவில்லை. வெயில் காய்கிறது, மழை ஏமாற்றுகிறது. சிகிச்சைக்குப் பிறகு ஒரு பெரிய மழைக்காக அவர் காத்திருந்த மாதிரி நான் யாரையும் பார்த்ததில்லை. சென்ற திங்கட்கிழமைதான் வந்தது. ஒலிபரப்புக் கூடத்தை விட்டு வெளியே வந்தபோது கைப்பேசியில் அப்பாவின் குரல்பதிவு. பேச்சு ஒன்றும் இல்லை. இடிச்சத்தமும் மழைச்சத்தமும் மட்டும் ஒரு நிமிடம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இதைப் படிக்கும்போது ஆறாம் நாள். புதன்கிழமை ஒன்பது. அன்று விடுப்பு எடுத்திருக்கிறேன். மகனை, பள்ளிக்குப் போகும் வழியில், ஆறரை மணிக்கே தாத்தா வீட்டுக்கு அழைத்துப் போகிறேன். விடிந்ததும் மூவரும் தாழ்வாரத்தில் நிற்போம். இந்த முறை அப்பாதான் எங்களுக்குச் சொல்ல வேண்டும், எந்தக் கிளையில் எத்தனை என்று.

உங்கள் பேட்டையிலும் திங்கட்கிழமை மழை கொட்டியதா? அப்படியானால் புதன்கிழமை காலை, கைப்பேசியை ஒரு நிமிடம் பையில் போட்டுவிட்டு, தலையைத் தூக்கிப் பாருங்கள். தூங்குமூஞ்சி மரம், அங்சானா, பழைய தென்னை என்று கிளை அகன்ற, வயதான மரமாகப் பார்த்துத் தேடுங்கள். மாலைவரை தள்ளிப்போடாதீர்கள், வாடிவிடும். பறிக்காதீர்கள், கையில் எடுத்தாலும் அதே ஒரு நாள்தான். திங்கட்கிழமை உங்கள் பக்கம் மழை இல்லையென்றால் கவலை வேண்டாம். அடுத்த பெரிய மழையன்று நாள்காட்டியில் ஒன்பது நாள் தள்ளிக் குறித்து வையுங்கள்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் கூடவே அழைத்துப் போங்கள். மரத்தைக் காட்டி, “எத்தனை பூ தெரியுது?” என்று கேளுங்கள்.